வரவேற்பில் இனிப்பு மேசை: மிட்டாயா, டெசர்ட்டா, இரண்டும் கலந்தா?

கல்யாண வரவேற்பில் விருந்தினர் தாங்களே எடுத்துக்கொள்கிற ஓர் இனிப்பு மேசை வைக்கலாமா என்று வீட்டில் பேச்சு வந்தால், உடனே வரும் கேள்வி "மிட்டாய் கிலோ என்ன விலை?" என்பதுதான். அங்கே தொடங்கினால் கணக்கு சீக்கிரமே கையை மீறிவிடும். ஒரு விருந்தினர் ஒரு தடவையில் எவ்வளவு அள்ளுகிறார், எதில் போட்டு எடுத்துப் போகிறார், மேசையில் எத்தனை ஜாடி நிரம்பித் தெரிய வேண்டும், முந்தின நாள் யார் உட்கார்ந்து வேலை பார்ப்பது என்ற நான்கு விஷயங்கள்தான் செலவை ஏற்றுகின்றன. கிலோ விலை இவற்றுக்கெல்லாம் பின்னால்தான் வருகிறது.

அதனால் இந்தக் கட்டுரையில் எந்த இனிப்பு மலிவு என்று பட்டியல் போடப்போவதில்லை. மிட்டாய் மட்டும் வைப்பது, பிரவுனி, கப்கேக் போன்ற டெசர்ட் மட்டும் வைப்பது, இரண்டையும் கலந்து வைப்பது என்ற மூன்று வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். அப்புறம் யார் செய்வது, எதில் வைப்பது என்பவை. என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலான வரவேற்புகளுக்குக் கலப்பு மேசைதான் சரி. ஆனால் அது சரிப்படாத இடங்களும் உண்டு, அவற்றையும் சொல்கிறேன்.

முதலில் கரண்டி

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். சர்க்கரைப் பூச்சு போட்ட சின்னச் சின்ன மிட்டாய்கள் ஒரு லிட்டர் ஜாடியில் ஏறக்குறைய 800 கிராம் பிடிக்கும். அப்படியானால் 60 மில்லி கரண்டியில் ஒரு தடவை அள்ளினால் 50 கிராம் அளவுக்கு வரும். மேசையில் ஐந்து ஜாடிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுக்கிறார் என்று வையுங்கள். ஒருவர் கையில் கால் கிலோ போய்விட்டது. 150 பேர் வந்தால் 36 கிலோவுக்கு மேல் வேண்டும். இதில் யாரும் பேராசைப்படவில்லை. ஆளுக்கு ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கரண்டிதான்.

அதே மேசையில் 30 மில்லி கரண்டி போட்டால் தேவை பாதியாகக் குறையும். அள்ளிப்போட 60 மில்லி காகிதக் கோப்பைகளை அடுக்கி வைத்தால், கரண்டி எந்த அளவாக இருந்தாலும் ஆளுக்கு 50 கிராமோடு நின்றுவிடும். கோப்பை நிறைந்திருப்பதால் குறைவாகக் கொடுத்தார்கள் என்று யாருக்கும் தோன்றாது. பெரிய பை கொடுத்தால் அதே 50 கிராம் அடியில் கிடக்கும். பாதிப் பையோடு போக யாருக்கும் மனம் வராது, இன்னும் கொஞ்சம் அள்ளுவார்கள். செலவைக் குறைக்க வேண்டும் என்றால் விலை மலிவான மிட்டாயைத் தேடி அலைவதற்கு முன்னால் கரண்டியையும் கோப்பையையும் வாங்குங்கள். மட்டமான மிட்டாயை நிறையக் கொடுப்பதைவிட நல்ல மிட்டாயை அளவாகக் கொடுப்பது எல்லா வகையிலும் மேல்.

சாப்பாட்டுக்கு முன்பே மேசையைத் திறந்துவிட்டாலும் கணக்கு தவறும். பசியோடு வருகிற கை கூடுதலாகத்தான் அள்ளும். குழந்தைகள் இனிப்பிலேயே வயிற்றை நிரப்பிக்கொள்வார்கள், சாப்பாடு வீணாகும். பாதிப் பேர் சாப்பிட்டு எழுந்த பிறகு மேசையை மூடியிருக்கும் துணியை எடுத்தால் போதும்.

மிட்டாய் மட்டும் வைத்தால்

இதன் பெரிய பலம், எல்லாவற்றையும் வாரக்கணக்கில் முன்பே வாங்கி வைத்துவிடலாம் என்பது. மொத்த விலைக் கடையில் சரக்கு எடுக்கலாம், பண்டிகைக் காலம் முடிந்ததும் தள்ளுபடியில் வரும் பெட்டிகளைப் பிடிக்கலாம், காலாவதித் தேதியை மட்டும் வரவேற்பு நாளோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டால் சரி. சமையல் இல்லை, குளிர்சாதனப் பெட்டி தேவையில்லை. பிரிக்காத பாக்கெட்டுகள் மீந்தால் வீணாகாது. சில கடைகளில் திருப்பி எடுத்துக்கொள்ளவும் செய்வார்கள். வாங்கும்போதே இதைக் கேட்டு, ரசீதில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

பலவீனம் எடையில் இருக்கிறது. இனிப்புக்கு மேசையை மட்டுமே நம்பியிருந்தால் ஆளுக்கு 100 கிராமாவது வைக்க வேண்டும். 150 பேருக்கு 15 கிலோ. இதில் பெரியவர்கள் ஒன்றிரண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள், குழந்தைகள் மூன்று முறை வருவார்கள். கடைசியில் குழந்தைகளுக்கான மேசையாகவே அது தங்கிவிடும். விருந்தினரில் பாதிக்கு மேல் நடுத்தர வயதைத் தாண்டியவர்கள் என்றால் மிட்டாய் மட்டும் வைப்பது காசுக்கேற்ற மகிழ்ச்சியைத் தராது.

இன்னொன்று, வெயிலும் ஈரமும். சாக்லேட்டில் இருக்கும் கோகோ வெண்ணெய் 34 டிகிரி செல்சியஸ் அருகில் முழுக்க உருகும். அதற்குச் சில டிகிரி முன்பே கையில் ஒட்ட ஆரம்பித்துவிடும். உருகி மறுபடி இறுகினால் மேலே வெள்ளைப் படலம் படியும். சாப்பிட ஒன்றும் ஆகாது, பார்க்கத்தான் பழைய சரக்குபோல இருக்கும். திறந்த வெளியில் பகல் நேர வரவேற்பு என்றால் சாக்லேட் பார்களையும் ட்ரஃபிளையும் விட்டுவிட்டு, சர்க்கரை ஓடு போர்த்திய சாக்லேட் மணிகளை வையுங்கள். உள்ளே மென்மையானாலும் ஓடு தாங்கும். ஜெலட்டின் சேர்த்த ஜெல்லி மிட்டாய்கள் சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். பழங்களிலிருந்து எடுக்கும் பெக்டினில் செய்தவை இன்னும் நன்றாகத் தாங்கும். ஜெலட்டின் விலங்கிலிருந்து எடுப்பது என்பதால் சைவர்கள் வருகிற இடத்தில் பெக்டின் வகையைத் தேடுவது இரட்டை லாபம். உறையில்லாத கடின மிட்டாய் காற்றின் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும், அதற்குக் காகிதம் சுற்றியதே நல்லது.

காகிதம் சுற்றிய மிட்டாயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஜாடியில் பளபளவென்று மின்னாது என்று அலங்காரக்காரர்கள் அதை ஒதுக்குகிறார்கள். ஆனால் சுத்தம், ஈரம், மீந்தது எல்லாவற்றுக்கும் அதுவே பதில். கடின மிட்டாய்களுக்கு இடையே காற்று அதிகம் தங்குவதால் அதே எடை ஜாடியில் உயரமாகவும் தெரியும். குறைந்த செலவில் மேசை போடுகிறவர் அதை ஒதுக்கக் கூடாது.

டெசர்ட் மட்டும் வைத்தால்

இங்கே கிலோ கணக்கு மறைந்து எண்ணிக்கைக் கணக்கு வருகிறது. தனியாகக் கேக் வெட்டிக் கொடுக்கிறீர்கள் என்றால் ஆளுக்கு இரண்டு சின்னத் துண்டு, கேக்கே கிடையாது என்றால் மூன்று அல்லது நான்கு. தலைக்கு இத்தனை என்று எண்ணிச் செய்ய முடிவதால், செலவை முன்கூட்டியே தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை. பெரியவர்களும் விரும்பி வருவார்கள். மேசையும் பார்க்க நிறைவாக இருக்கும்.

எந்த டெசர்ட் என்பதில்தான் சிக்கனமும் ஊதாரித்தனமும் பிரிகின்றன. ஒரே தட்டில் வேகவைத்து வெட்டுகிறவைதான் மலிவு. பிரவுனி, கோகோ சேர்க்காத பிரவுனியான பிளாண்டி, எலுமிச்சை பார் எல்லாம் இந்த ரகம். 33க்கு 23 சென்டிமீட்டர் தட்டில் பிரவுனி செய்து 24 துண்டு போடுவது வழக்கம். அதையே எட்டு வரிசை, ஆறு பத்தி என்று வெட்டினால் 48 துண்டு. ஒவ்வொன்றும் நான்கு சென்டிமீட்டர் சதுரம், இரண்டு கடி. மாவு, வெண்ணெய், அடுப்பு நேரம் எதுவும் கூடவில்லை. கூடுதலாக வேண்டியது முழுக்க ஆறவைக்கும் பொறுமையும், ஒவ்வொரு வெட்டுக்கும் வெந்நீரில் நனைத்துத் துடைத்த கத்தியும்தான். இன்னும் சில வகைகள் இருக்கும் மேசையில் பெரிய துண்டு வைத்தால் பாதி கடித்துத் தட்டில் விட்டுப்போவார்கள். சின்னத் துண்டு மிஞ்சாது.

கப்கேக் இதற்கு நேர்மாறு. ஆளுக்கொன்று என்பதால் மலிவாகத் தெரியும். ஆனால் காகித அச்சு வேண்டும், ஒவ்வொன்றாக மாவு ஊற்ற வேண்டும், மேலே கிரீம் பிழிய வேண்டும். ஒரு கப்கேக்குக்கு ஒரு நிமிடம் என்றாலும் 150க்கு இரண்டரை மணி நேரம், அதுவும் கிரீம் என்பதால் முந்தின நாள்தான் செய்ய முடிகிற வேலை. பிறகு அதைச் சாயாமல் கொண்டுபோகப் பெட்டி, வண்டியில் இடம். கப்கேக் இல்லாமல் முடியாது என்றால் மொத்த எண்ணிக்கையில் கால் பங்குக்கு மட்டும், அதையும் பேக்கரியில் சொல்லிவிடுங்கள்.

கிரீம், கஸ்டர்டு, சீஸ்கேக், மூஸ் ஆகியவற்றைக் குட்டிக் கண்ணாடிக் கோப்பைகளில் அடுக்கி வைத்தால் மேசையின் அழகே தனி. ஆனால் இவை குளிர்ச்சியிலிருந்து வெளியே வந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெளியே 32 டிகிரிக்கு மேல் வெயில் இருந்தால் ஒரு மணி நேரம்தான். உணவுப் பாதுகாப்பில் பரவலாகச் சொல்லும் விதி இது. கல்யாண நாளில் இதில் விளையாடவே கூடாது. மண்டபத்தில் குளிர்சாதனப் பெட்டி இருந்தால் இருபது இருபதாக எடுத்து வைத்து, தீர்ந்ததும் அடுத்த இருபதை வைக்கலாம். இல்லையென்றால் அந்த வகையையே மறந்துவிடுங்கள், மேசை ஒன்றும் குறைந்துவிடாது.

டெசர்ட் மட்டும் வைப்பதன் உண்மையான தடை வேலைதான். 150 பேருக்குத் தலைக்கு மூன்று என்று 450 துண்டு எண்ணிச் செய்து, அடுக்கி, உடையாமல் கொண்டுபோய், மேசையில் பரப்பி, தீரத்தீர நிரப்ப ஆள் வேண்டும். அந்த ஆட்கள் சொந்தத்தில் இல்லையென்றால் கூலியாகத்தான் வருவார்கள். 60, 70 பேருக்குள் நடக்கும் சின்ன வரவேற்பு, சமையலில் கை தேர்ந்த இரண்டு மூன்று பேர் ஆர்வத்தோடு முன்வருகிறார்கள் என்றால் டெசர்ட் மட்டும் வைப்பதுதான் சிறந்தது, அங்கே கலப்பு மேசையைவிட இதையே சொல்வேன்.

கலந்து வைத்தால் என்ன மாறுகிறது

கலப்பு மேசையில் டெசர்ட் வயிற்றை நிரப்பும், மிட்டாய் கண்ணை நிரப்பும். அதனால் இரண்டையும் குறைக்க முடிகிறது. 150 பேர், கேக்கும் வெட்டுகிறார்கள் என்று வைத்து நான் போடுகிற கணக்கு இது. டெசர்ட் தலைக்கு இரண்டு, ஆக 300. அதில் மூன்று தட்டு பிரவுனி வெட்டினால் 144. குக்கி 100. பேக்கரியில் சொல்லிச் செய்த குட்டி டார்ட் அல்லது கப்கேக் 60. மிட்டாய் ஆளுக்கு 40 கிராம் என்று மொத்தம் 6 கிலோ: காகிதம் சுற்றிய மிட்டாய் 2 கிலோ, சர்க்கரை ஓடு போட்ட சாக்லேட் 2 கிலோ, ஜெல்லி ஒன்றரைக் கிலோ, மார்ஷ்மெல்லோ அரை கிலோ. முன்னே சொன்ன 60 மில்லி கோப்பையும் 30 மில்லி கரண்டியும் இருந்தால் இது போதும். மிட்டாய் மட்டும் வைத்தபோது 15 கிலோ தேவைப்பட்டது நினைவிருக்கட்டும்.

வெறும் அரை கிலோ மார்ஷ்மெல்லோ எதற்கு? குட்டி மார்ஷ்மெல்லோ ஒரு லிட்டருக்கு 200 கிராம்தான் எடை. அரை கிலோ வாங்கினால் இரண்டரை லிட்டர் ஜாடி விளிம்பு வரை நிரம்பும். அதே ஜாடியைச் சாக்லேட் மணிகளால் நிரப்ப 2 கிலோ வேண்டும். மிட்டாய் வாங்கும்போது கிலோவுக்கு என்ன விலை என்று கேட்பதோடு, ஒரு லிட்டர் ஜாடி நிரம்ப எவ்வளவு ஆகும் என்றும் மனதில் ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். வரிசையே தலைகீழாக மாறிவிடும். இந்தக் கணக்கில் முதல் இடம் பாப்கார்னுக்கு. 100 கிராம் சோளத்தைப் பொரித்தால் 3 லிட்டருக்கு மேல் வரும். அதில் கேரமல் புரட்டிக் கூம்புக் காகிதத்தில் போட்டு நிறுத்தினால் மேசையின் ஒரு மூலையே நிரம்பிவிடும். கேரமல் பாப்கார்னுக்கும் ஈரம் ஆகாது. காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, மேசை திறக்கும் நேரத்தில்தான் கூம்புகளில் போட வேண்டும்.

வகைகள் எத்தனை வேண்டும் என்பதிலும் ஆசை பெருகும். மிட்டாயில் நான்கு, டெசர்ட்டில் மூன்று, மொத்தம் ஏழு. இதற்கு மேல் போனால் ஒவ்வொன்றிலும் குறைந்தபட்சம் ஒரு பாக்கெட் அதிகம் வாங்க வேண்டி வரும், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மீந்துபோகும். மேசை நிறைந்து தெரிய வகை கூட வேண்டியதில்லை. ஒரே பிரவுனியை உயரமான தட்டில் ஒன்று, தாழ்வான தட்டில் ஒன்று என்று இரண்டு இடத்தில் வைத்தால் போதும்.

யார் கையில் ஒப்படைப்பது

மொத்தமாக ஒருவரிடம் கொடுத்துவிட்டால் மேசை, ஜாடி, அலங்காரம், நிரப்புகிற ஆள் எல்லாம் அவர் பொறுப்பு. கல்யாண வீட்டுக்கு நிம்மதி. ஆனால் இதுதான் விலை அதிகம், அந்த விலையில் பெரும்பகுதி இனிப்புக்குப் போவதில்லை. கேட்டாக வேண்டிய கேள்விகள் சில: எத்தனை கிலோ வைப்பீர்கள், தீர்ந்தால் நிரப்புவீர்களா, மீந்தது யாருக்கு, ஜாடி உடைந்தால் யார் கொடுப்பது. "150 பேருக்கு" என்று மட்டும் எழுதியிருக்கிற விலைப்பட்டியலை வைத்து இருவரை ஒப்பிட முடியாது. ஒருவர் 6 கிலோவை மனதில் வைத்திருப்பார், இன்னொருவர் 12 கிலோவை. எடையையும் எண்ணிக்கையையும் எழுத்தில் வாங்கிய பிறகுதான் எது மலிவு என்றே தெரியும்.

முழுக்க வீட்டிலேயே செய்வது மலிவு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பொருள் செலவில் அது உண்மை. ஆனால் வீட்டு அடுப்பின் அளவு ஒரு கடிவாளம். ஒரு தட்டில் 12 குக்கி வைத்தால் 100க்கு ஒன்பது தட்டு, ஒவ்வொரு தட்டுக்கும் கால் மணி நேரம், ஏறக்குறைய இரண்டேகால் மணி நேரம் அடுப்பு ஓடும். இது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை, தாங்கும். ஆனால் கல்யாணத்துக்கு முந்தின நாள் அல்ல. அந்த நாளில் அந்த வீட்டில் யாருக்கும் இரண்டேகால் மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைக்காது.

அதனால் வீட்டில் செய்வதாக இருந்தால் உறைய வைக்கத் தக்கதை மட்டும் செய்யுங்கள். பிரவுனியை வெட்டாமல் முழுத் தட்டாகவே இறுக்கிச் சுற்றி உறைநிலைப் பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று மாதம்கூட இருக்கும். குக்கி மாவையும் உருண்டைகளாகப் பிடித்து அப்படியே உறைய வைக்கலாம். வெளியே எடுத்ததும் உறையைப் பிரிக்காமல் அறை வெப்பத்துக்கு வரவிடுவது முக்கியம். காற்றின் ஈரம் குளிர்ந்த பரப்பில் நீராகப் படியும். சுற்றியிருக்கும்போது அது உறையின் மேல் படியும், பிரித்துவிட்டால் பிரவுனியின் மேலேயே படிந்து நசநசக்க வைக்கும். மெரிங் இன்னும் வசதி, காற்றுப் புகாத டப்பாவில் ஒன்றிரண்டு வாரம் மொறுமொறுப்பாக இருக்கும். முட்டை வெள்ளையும் சர்க்கரையும்தான் பொருள், எடையே இல்லாமல் மேசையை நிரப்பும். மழைக்கால ஈரத்தில் மட்டும் அது சீக்கிரம் துவண்டுவிடும்.

மூன்றாவது வழி, பகிர்ந்து கொடுப்பது. தட்டில் வெட்டுகிறவற்றை வீட்டில், கைவேலை நிறைந்த ஒரே ஒரு வகையைப் பேக்கரியில், மிட்டாய் மொத்த விலைக் கடையில். எனக்கு இதுவே பிடித்தது. பேக்கரியிலிருந்து வருவது ஒரு வகைதான் என்றாலும் பார்க்கிறவர் கண் அதில்தான் விழும், மேசை முழுவதும் அந்தத் தரத்தில் இருப்பதாகத் தோன்றும். வீட்டுப் பிரவுனி ருசியில் பேக்கரிக்குக் குறைந்ததும் இல்லை.

எதை முடிவு செய்வதானாலும், வெளியிலிருந்து உணவு கொண்டுவர மண்டபம் அனுமதிக்கிறதா என்று முதலில் கேளுங்கள். சில இடங்களில் கூடாது என்பார்கள், சில இடங்களில் தனிக் கட்டணம் வாங்குவார்கள். சமைத்த இனிப்புக்குத் தடை இருந்தாலும் பாக்கெட் மிட்டாய்க்கு விடுவார்கள் என்ற நிலையும் உண்டு. அப்போது முடிவு தானாகவே மாறிவிடும்.

சாக்லேட் நீரூற்று, ஐஸ்கிரீம் கவுண்டர் பற்றி ஒரு வார்த்தை. நீரூற்று இயந்திரம் ஓட வேண்டும் என்றாலே சில கிலோ சாக்லேட் உள்ளே இருக்க வேண்டும், அதில் கணிசமான பங்கு கடைசியில் இயந்திரத்திலேயே தங்கும். ஐஸ்கிரீமுக்குப் பெட்டியும் பரிமாற ஆளும் வேண்டும். இரண்டும் குழந்தைகளைக் குதூகலிக்க வைக்கும்தான். குறைந்த செலவில் என்று தொடங்கியவருக்கு இரண்டும் பொருந்தாது.

ஜாடி, தட்டு, துணி

பலருடைய பணம் சத்தமில்லாமல் கரைகிற இடம் இது. கண்ணாடி ஜாடிகள் ஒரு நாள் பயன்பாட்டுக்கு வாங்குகிறோம், அப்புறம் பரணில் ஏறிவிடும். வாடகைக்கு எடுத்தால் ஜாடிக்கான தொகை குறையும், ஆனால் முன்பணம், உடைந்தால் ஈடு, திருப்பிக் கொடுக்க மறுநாள் ஓர் ஆள் என்று சேரும். இரவல் வாங்குவதுதான் மலிவு. சொந்தபந்தம், அக்கம்பக்கம், நண்பர்கள் வீட்டு அலமாரிகளில் கண்ணாடிப் பூச்சாடி, பழக்கிண்ணம், மூடிபோட்ட டப்பா, காலுள்ள கேக் தட்டு எல்லாம் இருக்கும். ஒரே மாதிரி இருக்க வேண்டியதில்லை, எல்லாமே நிறமற்ற கண்ணாடியாக இருந்தால் போதும். ஒவ்வொன்றின் அடியிலும் உரியவர் பெயரை எழுதி ஒட்டிவிடுங்கள். மீன் தொட்டியாக இருந்ததையும், உணவுக்கு என்று செய்யாத வண்ணம் பூசிய பாத்திரங்களையும் தவிருங்கள். அப்படிப்பட்டதில் காகிதம் சுற்றிய மிட்டாயை மட்டும் போடலாம்.

பெரிய ஜாடியைக் குறைந்த மிட்டாயில் நிரப்ப ஒரு வழி இருக்கிறது. ஜாடிக்குள் அதைவிடக் குறுகிய உயரமான கண்ணாடி டம்ளர் ஒன்றைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சுற்றியுள்ள இடைவெளியிலும் மேலேயும் மிட்டாய் கொட்டினால் ஜாடி முழுவதும் நிரம்பியதுபோல் தெரியும். மூன்று லிட்டர் ஜாடிக்குள் ஒரு லிட்டர் டம்ளர் போனால் 800 கிராம் மிச்சம். ஜாடி எண்ணிக்கையால் பெருக்கிப் பாருங்கள். பூ அலங்காரத்துக்கான பச்சை நுரைக் கட்டையை இந்த வேலைக்கு வைக்கவே வைக்காதீர்கள், உதிர்கிற தூள் சாப்பிடும் பொருளில் கலக்கும்.

நிறத்தைப் பொறுத்தவரை, மிட்டாயில் நிறம் தேடினால் விலை ஏறும். ஒரே நிறத்தில் பிரித்தெடுத்தவை, பெயர் அச்சிட்டவை எல்லாம் கலவைப் பாக்கெட்டைவிட விலை கூடுதல். மேசைத் துணி, ஜாடிக் கழுத்தில் ரிப்பன், பெயர்ச் சீட்டு இவற்றில் கல்யாண நிறத்தைக் கொண்டுவந்துவிட்டு, மிட்டாயில் வெள்ளையும் பழுப்புமாக விட்டுவிடலாம். மார்ஷ்மெல்லோ, மெரிங், பிரவுனி, கேரமல் எல்லாம் இயல்பாகவே அந்த நிறங்கள்தான், எந்தத் துணியோடும் ஒத்துப்போகும்.

அள்ளிக்கொள்ள விடுவதா, கட்டிக் கொடுப்பதா

மேசைக்குப் பதிலாக ஆளுக்கொரு சின்னப் பெட்டியில் கட்டி வைத்துவிடலாம் என்ற யோசனையும் வரும். அளவு மீறவே மீறாது, சுத்தம், வரிசை நிற்க வேண்டியதில்லை. ஆனால் காலிப் பெட்டியின் விலை உள்ளே போகும் மிட்டாயின் விலையைத் தொட்டுவிடுவதும் உண்டு. 150 பெட்டி மடித்து, நிரப்பி, ரிப்பன் கட்டுவது ஒரு மாலை முழுவதும் எடுக்கும் வேலை. மேசையின் முன் நின்று தேர்ந்தெடுக்கிற சந்தோஷமும் போய்விடும்.

வேறு ஒரு திசையில் யோசித்தால் செலவு நிஜமாகவே குறையும். விருந்தினருக்குக் கையில் கொடுத்தனுப்பத் தனியாக ஒரு நினைவுப் பொருள் வாங்க நினைத்திருந்தால் அதை விட்டுவிட்டு, இந்த மேசையையே அதற்கு ஈடாக்குங்கள். இரண்டு செலவு ஒன்றாகிறது. அப்போது மட்டும் கோப்பையோடு சின்னக் காகிதப் பைகளும் வைக்கலாம், மிட்டாயை 6 கிலோவிலிருந்து 9 கிலோவாக ஏற்றிக்கொள்ளலாம். அதேபோல் அடுக்குக் கேக்கைக் குறைத்துவிடுவதும் நல்ல வழி. பல அடுக்குக் கேக்கின் விலை பெரும்பாலும் அலங்கார உழைப்புக்கானது. வெட்டுவதற்கு ஒரு சின்னக் கேக், மற்றவர்களுக்கு மேசை என்று வைத்தால் டெசர்ட் எண்ணிக்கையைத் தலைக்கு மூன்றாக்கினாலும் மொத்தத்தில் குறைவாகவே வரும்.

மேசையில் ஒவ்வொன்றுக்கும் பெயர்ச் சீட்டு வைக்கும்போது நிலக்கடலை, பாதாம் போன்ற கொட்டை வகை, பால், முட்டை, கோதுமை இருக்கிறதா என்று அதிலேயே எழுதுங்கள். கொட்டை சேர்ந்தவற்றை மேசையின் ஒரு கோடியில் தனியாக, தனிக் கரண்டியோடு வைக்க வேண்டும். ஒவ்வாமை உள்ளவருக்கு இது உயிர் விஷயம். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு உருண்டையான கடின மிட்டாயும் மார்ஷ்மெல்லோவும் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது, அவற்றை எட்டாத உயரத்தில் வையுங்கள். கீழ்த்தட்டில் குக்கி இருக்கட்டும்.

கடைசியாக, மேசைக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். கூலிக்கு ஆள் தேவையில்லை, சொந்தத்தில் பொறுப்பான ஒரு கல்லூரிப் பெண்ணோ பையனோ போதும். எல்லாவற்றையும் முதலிலேயே கொட்டிவிடாமல் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் வைத்துத் திறக்கச் சொல்லுங்கள். மீதியை மேசைக்கு அடியில், துணி மறைவில், பாக்கெட் பிரிக்காமல் வைத்திருந்து, ஜாடி பாதிக்குக் கீழே போனால் மட்டும் பிரித்து நிரப்பட்டும். திறந்து ஒரு மணி நேரம் ஆகியும் கீழே இருப்பதைத் தொடவே இல்லையென்றால், அந்தப் பாக்கெட்டுகள் ரசீதோடு மறுநாள் கடைக்குத் திரும்பலாம். ரசீது அந்தப் பொறுப்பாளர் கையிலேயே இருக்கட்டும், கல்யாண வீட்டில் வேறு யாரிடம் கொடுத்தாலும் தேட வேண்டியிருக்கும்.